சின்ன மலையில் முதல் சறுக்கு

ஊரிலிருந்து வந்திருந்த மாமனார், மொஹாக் மலை அடிவாரத்தில் காரை விட்டு இறங்கி, நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா மாப்பிள்ளை? நம்ம மலைக்கோட்டையை ரெண்டரை தடவை அடுக்கினா வந்துடும் போலிருக்கே" என்றார். திருச்சிக்காரர் கண்ணளவு தப்பவில்லை. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 650 அடி. மலைக்கோட்டைப் பாறை 270 அடிச் சொச்சம்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கார்ன்வால் என்ற சிற்றூரில் இருக்கிறது மொஹாக். வால்ட் ஷோன்னெக்ட் என்பவரும் அவர் மனைவி பெக்கும் 1947-ல் தொடங்கிய பனிச்சறுக்குத் தளம். இன்றுவரை அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. ஹார்ட்ஃபோர்ட் பக்கம் வேலைக்கு வந்ததிலிருந்து ஆறு குளிர்காலமாக நாங்கள் அங்கே போகிறோம். ஒவ்வொரு டிசம்பரிலும், எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக வந்த யாராவது, "அண்ணே, பசங்களை ஸ்கீயிங் கூட்டிட்டுப் போகணும், எப்படி?" என்று ஃபோன் செய்வார். ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் சொல்வேன். அதற்குப் பதிலாக இதை அனுப்பிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன். நான் பெரிய சறுக்குவீரன் ஒன்றும் இல்லை. நடுத்தரமான நீலத் தடத்தில் விழாமல் இறங்கி வருவேன், அவ்வளவுதான். புதிதாகப் போகிறவர்கள் எங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும், எல்லா இடத்திலும் நானே மாட்டிக்கொண்டதால்.

எந்த மலை?

முதல் தடவை பெரிய மலைக்குப் போகாதீர்கள். நான் போனேன். ஆபீஸ் நண்பர்களோடு, வடக்கே ஒரு மலை, பெயர் வேண்டாம். கார் நிறுத்தும் இடத்திலிருந்தே பஸ் ஏற வேண்டியிருந்தது. டிக்கெட் மட்டும் ஆளுக்கு 100 டாலரைத் தாண்டிவிட்டது. "வாடா பார்த்துக்கலாம்" என்று, கம்பியில் தொங்கியபடி மலைமேல் போகும் நாற்காலி லிஃப்டில் ஏற்றிவிட்டார்கள். மேலே போய் இறங்கினால், நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் காணாமல் போனார்கள். கையில் இருந்த வரைபடம் சென்னை பஸ் ரூட் மாதிரி இருந்தது. கடைசியில் ஸ்கீயை, அதாவது காலில் மாட்டும் நீளமான சறுக்குப் பலகைகளைக், கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே இறங்கினேன். ஐந்து வயதுக் குழந்தைகள் என்னைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டு போனார்கள்.

சின்ன மலையில் இந்தக் கதை நடக்காது. எந்தத் தடத்தில் வந்தாலும் கடைசியில் ஒரே கட்டடத்தின் முன்னால்தான் வந்து நிற்பீர்கள். குழந்தை கண்ணை விட்டுப் போனாலும் பத்து நிமிஷத்தில் கீழே வந்து சேரும். புதியவர்கள் பழகும் மேடு அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், தாத்தா பாட்டி கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வேறு சின்ன மலை இருந்தால் அங்கேயே போங்கள். டிக்கெட் எடுக்கும் முன் மூன்று விஷயம் கேட்டால் போதும்: நடைபாதை மாதிரி நகர்ந்து மேலே கொண்டுபோகும் பெல்ட் இருக்கிறதா, வாடகையும் வகுப்பும் டிக்கெட்டும் சேர்த்து புதியவர்களுக்கு ஒரே கட்டணம் உண்டா, தடங்கள் எல்லாம் ஒரே இடத்தில் முடிகின்றனவா.

வால்ட் கதையிலேயே பெரிய மலை ஒன்று இருக்கிறது. மொஹாக் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வெர்மான்ட் மாநிலத்தில் ரூபன் ஸ்நோ என்ற விவசாயியின் நிலத்தை வாங்கி, 1954 டிசம்பரில் மவுண்ட் ஸ்நோ என்ற பெரிய தளத்தைத் திறந்தார். பனிக்கு நடுவில் வெந்நீர் நீச்சல்குளம், வானுயர நீரூற்று என்று மனிதர் அமர்க்களப்படுத்தினார். அடிவாரப் பள்ளத்தில் அணுகுண்டு வெடித்து ஆழப்படுத்தினால் மலை இன்னும் உயரமாகுமே என்று அரசாங்கத்துக்கே எழுதிக் கேட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். எழுபதுகளில் அந்த மலை அவர் கையை விட்டுப் போனது. பிறகு பல கை மாறி, 2019-ல் வேய்ல் ரிசார்ட்ஸ் (Vail) என்ற பெரிய நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அணுகுண்டு கேட்காத சின்ன மலை மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

எப்போது போவது?

கிறிஸ்துமஸ் வாரம், ஜனவரி நடுவில் வரும் மூன்று நாள் விடுமுறை, பிப்ரவரிப் பள்ளி விடுமுறை, இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். ஜனவரியில் ஒரு வார நாள், மதியத்துக்கு மேல். முடியாவிட்டால் ஞாயிறு காலை, தளம் திறக்கும்போதே. ஞாயிறன்று மதியத்துக்குப் பிறகு எல்லோரும் சறுக்கிச் சறுக்கிப் பனி குவியல் குவியலாகிவிடும், புதியவர்களுக்குக் கால் தடுக்கும். காலையில் இயந்திரம் சீவி விட்ட தடம் கார்டுராய் துணி மாதிரி வரிவரியாக இருக்கும். அதில் பழகுவதே சுகம்.

"ஆனால் வாசலில் பனியே இல்லையே அண்ணே" என்பார்கள். உங்கள் வாசலைப் பார்க்காதீர்கள், வெப்பமானியைப் பாருங்கள். இந்த மலைகளில் நீங்கள் சறுக்குவது பெரும்பாலும் வானத்திலிருந்து விழுந்த பனி இல்லை, முந்தின ராத்திரி தயாரித்தது. குளத்துத் தண்ணீரையும் அழுத்தக் காற்றையும் குழாயில் கொண்டுவந்து, பொடிப்பொடியாகப் பீய்ச்சி அடித்தால், கீழே விழுவதற்குள் உறைந்து பனியாகிறது. இதற்குச் சாதாரண வெப்பநிலை மட்டும் போதாது, காற்றில் ஈரம் எவ்வளவு என்பதும் முக்கியம். மண்பானை நினைவிருக்கிறதா? திருச்சி வெயிலில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், சென்னைப் புழுக்கத்தில் அவ்வளவு இருக்காது. காற்று உலர்ந்திருந்தால் நீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகும். இங்கேயும் அதே கதைதான். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி சுமார் மைனஸ் 2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே காட்டினால்தான் வேலை நடக்கும். உலர்ந்த ராத்திரியென்றால் 0 டிகிரியிலேயே பனி தயாரித்துவிடுவார்கள். கசகசவென்று மூடுபனி இருந்தால் அதே 0 டிகிரியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆகவே, வானிலைச் செயலியில் வரிசையாக இரண்டு மூன்று ராத்திரி மைனஸ் 5, 6 என்று பார்த்தால், அடுத்த நாள் கிளம்புங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்குப் பனி போட, 1,60,000 முதல் 2,00,000 காலன் வரை வேண்டும் என்பது இந்தத் தொழிலில் சொல்லும் கணக்கு. நம் ஊர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஐம்பது லாரிக்குக் குறையாது. ஒரே ஏக்கருக்கு, ஒரு அடிக்கு! மழை பெய்தால் பாதி கரைந்துபோகும், மறுபடி அடிக்க வேண்டும். டிக்கெட் விலை ஏன் அப்படி என்று முணுமுணுப்பதை அன்றோடு குறைத்துக்கொண்டேன்.

இந்த விவகாரம் தொடங்கியதே இந்த வட்டாரத்தில்தான். 1940-களின் கடைசியில் பனி ஏமாற்றிய ஒரு குளிர்காலத்தில், வால்ட் நூற்றுக்கணக்கான டன் ஐஸ் கட்டிகளை லாரியில் வரவழைத்து, பொடியாக நொறுக்கி மொஹாக் சரிவில் கொட்டினார். நம் ஊரில் மீனுக்கு ஐஸ் அடிப்பார்களே, அந்த மாதிரி. ஆட்கள் சறுக்கவும் செய்தார்கள். ஆனால் எத்தனை நாளைக்கு ஐஸ் வாங்கிக் கட்டுப்படியாகும்? இதே மாநிலத்தில் மில்ஃபோர்டு என்ற ஊரில் வெய்ன் பியர்ஸ், ஆர்ட் ஹன்ட், டேவ் ரிச்சி என்ற மூன்று பேர் அலுமினிய ஸ்கீ செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பனி இல்லையென்றால் ஸ்கீ யார் வாங்குவார்? 1950 மார்ச்சில் பெயின்ட் அடிக்கும் கம்ப்ரெஸரையும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயையும் இணைத்துப் பீய்ச்சிப் பார்த்தார்கள். பனி விழுந்தது. 1954-ல் காப்புரிமையும் கிடைத்தது. அந்த ஆரம்பகாலக் கருவிகளை ஓடவிட்டுப் பார்த்த மலைகளில் மொஹாக்கும் ஒன்று. இன்று தடத்தின் ஓரமாக வரிசையாகக் குழாய் முனைகளும் பீரங்கி மாதிரிக் கருவிகளும் நிற்பதைப் பார்ப்பீர்கள். அவை ஓடிக்கொண்டிருந்தால் அதன் கீழே போகாமல் தள்ளிப் போங்கள். கண்ணாடியில் பனிப்பொடி ஒட்டிக்கொண்டு முன்னால் ஒன்றும் தெரியாது.

என்ன போட்டுக்கொள்வது?

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். விழுந்தால் நனையும், நனைந்தால் விறைக்கும், அப்புறம் நாள் முழுக்க நடுக்கம்தான். பருத்தி பனியனும் அப்படித்தான், வியர்வையைக் குடித்துக்கொண்டு விடாது. உள்ளே உடம்போடு ஒட்டும் தெர்மல் உள்ளாடை, அதன்மேல் கம்பளி மாதிரி மெத்தென்ற ஃப்ளீஸ் சட்டை, வெளியே தண்ணீர் புகாத கோட்டும் பேண்ட்டும். மூன்று அடுக்கு போதும். நம் ஆட்கள் ஆறு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து அரை மணியில் வியர்த்துக் கொட்டுவார்கள். மஃப்ளர், துப்பட்டா, தொங்குகிற எதுவும் கூடாது, லிஃப்டில் மாட்டிக்கொண்டால் ஆபத்து. கழுத்துக்குக் குழாய் மாதிரி ஒன்று விற்கிறார்கள், அதை வாங்குங்கள். ஹெல்மெட் வாடகைக்குக் கிடைக்கும், பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள். கையுறை கம்பளியில் வேண்டாம், தண்ணீர் உறிஞ்சாததாக இருக்கட்டும்.

காலுறை ஒன்றே ஒன்று. இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் கேட்பதில்லை. குளிரும் என்று இரண்டு மூன்று ஜோடி மாட்டிக்கொண்டால், பூட்ஸுக்குள் கால் நெரிபட்டு ரத்த ஓட்டம் குறையும், அப்புறம்தான் உண்மையிலேயே குளிரும். முழங்கால்வரை வரும் ஒரு ஜோடி போதும். தெர்மல் பேண்ட்டின் கீழ்முனையும் பூட்ஸுக்குள் போகக் கூடாது. அந்த மடிப்பு கெண்டைக்கால் எலும்பில் அழுத்தி உயிரை எடுத்துவிடும்.

வாடகைக் கடையில்

ஒரு படிவம் தருவார்கள். வயது, உயரம், எடை, எப்படிச் சறுக்குவீர்கள் என்று கேட்கும். எடையில் பொய் சொல்லாதீர்கள். என் நண்பர் ஒருவர், பின்னால் மனைவி நின்றதால் 12 கிலோ குறைத்து எழுதினார். அன்றைக்கு முழுக்க அவர் ஸ்கீ காலை விட்டுக் கழன்று கழன்று தனியாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. நீங்கள் விழும்போது பூட்ஸைப் பிடித்திருக்கும் பிடி தானாக விட வேண்டும். எவ்வளவு விசையில் விட வேண்டும் என்பதை இந்தக் கணக்கை வைத்துத்தான் திருகி வைக்கிறார்கள். குறைத்து எழுதினால் சும்மா கழலும். கூட்டி எழுதினால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்காலைத் திருகிவிடும். அனுபவம் கேட்கும் இடத்தில் கூசாமல் "புதியவன்" என்று குறியுங்கள்.

பூட்ஸ் போடுவது ஒரு தனி வித்தை. உட்கார்ந்து, பூட்ஸின் நாக்கை முன்னால் இழுத்து, காலை உள்ளே திணித்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். பிறகு எழுந்து நில்லுங்கள். நேராக நின்றால் விரல்நுனி முன்பக்கம் லேசாக இடிக்க வேண்டும். முழங்காலை மடக்கி முன்னால் சாய்ந்தால் அந்த இடிப்பு நின்றுவிட வேண்டும். அதுதான் சரியான அளவு. சாய்ந்தாலும் இடித்தால் சின்னது, நேராக நிற்கும்போதே தாராளமாக இருந்தால் பெரியது. நான் முதல் தடவை வசதியாக இருக்கட்டும் என்று ஒரு அளவு பெரிதாகக் கேட்டு வாங்கினேன். பூட்ஸ் ஒரு பக்கம் போக, கால் இன்னொரு பக்கம் போனது. சந்தேகம் இருந்தால் கூச்சப்படாமல் திரும்பிப் போய் மாற்றிக்கொள்ளுங்கள். புதியவர்களுக்கு ஸ்கீயின் நீளம் மோவாய் அளவுக்கு இருந்தால் போதும். கைத்தடிகள் முதல் நாள் வேண்டாம், வகுப்பிலும் பெரும்பாலும் தர மாட்டார்கள்.

சரி, வகுப்பு. கணவன் மனைவிக்குச் சொல்லிக்கொடுப்பது, அப்பா மகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, இரண்டும் வேண்டாம். கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த அனுபவம் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. காசு கொடுத்து வகுப்பில் சேருங்கள். முதலில் ஒரு காலில் மட்டும் ஸ்கீயை மாட்டி நடக்க வைப்பார்கள். பிறகு பீட்சா: இரண்டு ஸ்கீயின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, முக்கோணத் துண்டு மாதிரி வைத்தால் வேகம் குறையும். இன்னும் அகட்டினால் நிற்கும். இதுதான் பிரேக், முதல் நாள் இது ஒன்று வந்தால் போதும். நம் உடம்பு பயத்தில் பின்னால் சாயும். சாய்ந்தால் ஸ்கீ முன்னால் ஓடும், நீங்கள் உட்கார்ந்துவிடுவீர்கள். பூட்ஸின் முன்பக்கத்தைக் கெண்டைக்காலின் முன்எலும்பு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். என் மகளின் டீச்சர், வெள்ளை மீசை வைத்த ஒரு பெரியவர், "முழங்காலில் ஒரு பூனைக்குட்டி உட்கார்ந்திருக்கிறது, அது கீழே விழக் கூடாது" என்றார். ஏழு வயதுக்கு அது புரிந்துவிட்டது. எனக்குத்தான் மூன்று வருஷம் ஆனது.

விழுவதும் பாடத்தில் சேர்த்திதான். கட்டுப்பாடு போகிறது என்று தெரிந்தால், பக்கவாட்டில், மேட்டுப் பக்கமாக இடுப்பு படும்படி விழுங்கள். எழுந்திருக்கும்போது ஸ்கீ இரண்டும் உங்களுக்குக் கீழ்ப்பக்கமாக, சரிவுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். முனை கீழே பார்த்தபடி எழுந்தால், எழுந்த வேகத்தில் மறுபடி பயணம் தொடங்கிவிடும்.

லிஃப்ட்

பெல்ட்டில் பத்துப் பதினைந்து தடவை போய் வந்து, பீட்சாவில் நிற்கவும் திரும்பவும் வந்த பிறகுதான் நாற்காலி லிஃப்ட். அதற்கு முன் ஆசைப்படாதீர்கள். முன்னால் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு கோட்டில் போய் நில்லுங்கள், தோளுக்கு மேலே திரும்பி நாற்காலி வருவதைப் பாருங்கள், முழங்காலுக்குப் பின்னால் தொட்டதும் உட்காருங்கள், தடுப்புக் கம்பியை இறக்குங்கள். மேலே இறங்குமிடம் வரும்போது கம்பியைத் தூக்கி, ஸ்கீ முனைகளை உயர்த்தி, தரை தொட்டதும் எழுந்து நேராகப் போய்விடுங்கள். அங்கேயே நின்று செல்ஃபி எடுத்தால் பின்னால் வரும் மூன்று பேர் உங்கள் மேல்தான் வந்து இறங்குவார்கள். பயமாக இருந்தால் ஏறும்போதே இயக்குபவரிடம் "முதல் தடவை" என்று சொல்லுங்கள், வேகத்தைக் குறைத்துவிடுவார். எனக்கு இரண்டு தடவை முழுவதுமாக நிறுத்தியே ஏற்றினார்கள்.

ஏறும்போது ஐந்தாறு நிமிஷம் சும்மாதான் உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது காலுக்குக் கீழே இருக்கும் காட்டைப் பாருங்கள். 1989 ஜூலை 10-ஆம் தேதி இந்த ஊரைச் சுழற்காற்று தாக்கியது. கார்ன்வாலின் பெருமையாக இருந்த கதீட்ரல் பைன்ஸ் என்ற பழைய பைன் மரத்தோப்பு சில நிமிஷத்தில் சாய்ந்தது. மொஹாக்கில் லிஃப்டுகளும் கட்டடங்களும் பெரும்பாலும் நொறுங்கின. வால்ட் இறந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. இழுத்து மூடி நிலத்தை விற்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். குடும்பம் ஆட்களைத் திரட்டி, இடிபாட்டை அள்ளி, அந்தக் குளிர்காலத்துக்கே மலையைத் திறந்துவிட்டது. ஜூலையிலிருந்து டிசம்பர் வரைக்கும் ஐந்து மாதம்! எங்கள் ஆபீசில் ஒரு சின்ன மென்பொருள் மாற்றத்துக்கே அதைவிட அதிக நாள் கேட்கிறார்கள்.

மேலே போனதும் பலகையைப் பார்த்து நிதானமாக முடிவெடுங்கள். பச்சை வட்டம் எளிது, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் நமக்கில்லை. இந்த அடையாளம் அந்தந்த மலையின் கணக்குப்படிதான். ஒரு மலையின் பச்சை இன்னொரு மலையின் நீலமாக இருக்கலாம். முன்னால் போகிறவருக்கே வழி உரிமை, பின்னால் வருகிறவர்தான் விலகிப் போக வேண்டும். ஆகவே பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். ஓய்வெடுக்க நின்றால் தடத்தின் ஓரமாக, மேலிருந்து வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள்.

சாப்பாடு

லாட்ஜ் என்று சொன்னதும் மாமனார் முகம் மாறியது. பஸ் ஸ்டாண்ட் எதிரில் இருக்கும் லாட்ஜ் இல்லை மாமா, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் கூடம் என்று விளக்கினேன். நாங்கள் கொண்டுபோய்த்தான் சாப்பிடுகிறோம். புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், தெர்மாஸில் மிளகு ரசம். தயிர்சாதம் கொண்டுபோய் ஒரு தடவை காரில் வைத்து மறந்து, கல்லாகிப்போனது. சில மலைகளில் வெளிச்சாப்பாட்டுக்குத் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டரைக்கு எல்லோரும் வந்து மேசையைப் பிடித்துவிடுவார்கள், நீங்கள் பதினொன்றே காலுக்கே உட்கார்ந்துவிடுங்கள். அவர்கள் சாப்பிடும் நேரத்தில் தடமும் உங்களுக்குக் காலியாகக் கிடைக்கும்.

வழி: ஹார்ட்ஃபோர்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. டோரிங்டன், கோஷன் வழியாக 4-ஆம் எண் சாலை. கடைசி சில மைல்களில் என் ஃபோனில் சிக்னல் போய்விடுகிறது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டோரிங்டனிலேயே போட்டுக்கொள்வது நல்லது.

முடித்து வந்ததும் பூட்ஸைக் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கழற்றாதீர்கள், கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்து கழற்றுங்கள். குளிரில் அந்த பிளாஸ்டிக் இறுகிவிடும், காலை இழுத்தால் வராது. ஒரு வருஷம் என் மனைவியும் மகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னை இழுத்தார்கள். சாதாரண செருப்போ ஷூவோ பையில் தயாராக இருக்கட்டும். நனைந்த கையுறையைக் காரின் வெந்காற்று வரும் துவாரத்தில் செருகிவிட்டால் வீடு வருவதற்குள் காய்ந்துவிடும்.

அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது மணி ஐந்து, முழு இருட்டு. தடங்களில் விளக்குப் போட்டிருந்தார்கள், ராத்திரிச் சறுக்கலுக்குப் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மலையின் வலது பக்கம் ஒரு கருவி சீறத் தொடங்கியது, அடுத்தது, அதற்கடுத்தது. மாமனார் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "நாளைக்கும் இங்கேயே வரலாமா மாப்பிள்ளை? அந்த பெல்ட்ல மட்டும் ஒரு தடவை ஏறிப் பார்க்கிறேன்" என்றார். அவரைப் போல முழங்கால் சிகிச்சை செய்துகொண்டவர்களை டாக்டரைக் கேட்காமல் ஏற்றாதீர்கள். அவரைச் சனிக்கிழமை ஏற்றினோம், டாக்டரான அவர் மருமகளிடம் கேட்டுக்கொண்டுதான்.